ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட் பாக்கப்போறீங்களா, எங்க ஆரம்பிக்கணும், எதை ஸ்கிப் பண்ணவே கூடாது

ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்ங்கிற சூப்பர்ஹீரோ கார்ட்டூன் சீரிஸ பாக்கணும், எங்க இருந்து ஆரம்பிக்கிறதுனு யார்கிட்ட கேட்டாலும் ரெண்டே பதில்தான் வரும். ஒருத்தர் 1992ல வந்த பேட்மேன் கார்ட்டூன்ல இருந்து வரிசையா எல்லாத்தையும் முடிச்சிட்டு வாங்கம்பார், இன்னொருத்தர் அட சும்மா முதல் எபிசோட போடுங்க தானா புரியும்பார். ரெண்டையும் நம்பாதீங்க. முதல் ஆள் பேச்ச கேட்டா பேட்மேன் 85, அதோட தொடர்ச்சி 24, சூப்பர்மேன் 54, பேட்மேன் பியாண்ட் 52, ஸ்டாட்டிக் ஷாக் 52, ஜீட்டா ப்ராஜெக்ட் 26, பழைய ஜஸ்டிஸ் லீக் 52, கூட்டிப்பாத்தா 345 எபிசோட், அதுக்கப்புறம்தான் நீங்க கேட்ட சீரிஸே வரும், அதுக்குள்ள ஆர்வமே செத்துரும். ரெண்டாவது ஆள் பேச்ச கேட்டா என் கதைதான் உங்களுக்கும். நான் முதல்ல பாத்தது நடுவுல இருந்து ஒரு எபிசோட், வில்லனுங்க நாலஞ்சு பேர் சேந்து ஹீரோக்களோட இடத்துலயே புகுந்து ஏதோ ஒரு கவசத்த திருடுறாங்க, செம்மயா இருந்துச்சு, ஆனா அந்த கவசம் என்ன, அந்தம்மா யாரு, எதுக்கு கவர்மென்ட்டே திருடுதுனு ஒண்ணும் புரியல.

அதனால நான் சொல்றது நடுவழி. அன்லிமிடெட் மொத்தம் 39 எபிசோட், 2004 ஜூலைல ஆரம்பிச்சு 2006 மே வரைக்கும் கார்ட்டூன் நெட்வொர்க்ல வந்துச்சு, சீசனுக்கு 13 வீதம் மூணு சீசன். அதுக்கு முன்னாடி 16 எபிசோட் மட்டும் பாத்துட்டு வந்தா போதும், ஒண்ணு 22 நிமிஷம்னு வச்சா ஆறு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுரும்.

முதல் ரெண்டு பழைய சூப்பர்மேன் கார்ட்டூன்ல இருந்து. அதோட கடைசி கதை, பேரு லெகசி, ரெண்டு பாகம். டார்க்சைட்ங்கிற வேற்று கிரக கொடுங்கோலன் சூப்பர்மேன மூளைச்சலவை பண்ணி பூமி மேலயே ஏவி விடுறான், அதுக்கப்புறம் மக்கள் சூப்பர்மேன பாக்குற பார்வையே மாறிடுது. இந்த ஒரு பயம்தான் அன்லிமிடெட்டோட முதுகெலும்பே, இவ்ளோ சக்தி இருக்குறவங்க நாளைக்கு நமக்கு எதிரா திரும்பிட்டா என்ன பண்றதுங்கிற பயம். இதுல டாக்டர் ஹாமில்டன்னு ஒருத்தர் வருவார், சூப்பர்மேன் அவர்கிட்ட கோவமா நடந்துக்குற சீன்ல அவர் முகத்த மட்டும் கொஞ்சம் கவனிச்சு வச்சுக்குங்க, ரொம்ப நாள் கழிச்சு உதவும்.

அடுத்து 2001ல ஆரம்பிச்ச பழைய ஜஸ்டிஸ் லீக். இங்க ஹீரோ ஏழே பேர்தான், சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன், ஃப்ளாஷ், க்ரீன் லேன்டர்ன் ஜான் ஸ்டூவர்ட், ஹாக்கேர்ள், மார்ஷியன் மேன்ஹன்டர். கதை எல்லாம் பெரும்பாலும் ரெண்டு பாகமா வரும், சிலது மூணு. சீக்ரெட் ஆரிஜின்ஸ் மூணு பாகம், டீம் எப்படி சேந்துச்சுனு காட்டும், உண்மைய சொன்னா சுமாரான கதைதான், ஆனா ஏழு பேரோட குணமும் பிடிபடணும்னா வேற வழி இல்ல. அப்புறம் டாபுலா ராசா ரெண்டு பாகம், அமேசோங்கிற ரோபோ வரும், எந்த ஹீரோவ பாத்தாலும் அவங்க சக்திய அப்படியே காப்பி அடிச்சுக்கும். அப்புறம் ரெண்டாவது சீசன்ல ட்வைலைட், டார்க்சைடும் பிரெய்னியாக்ங்கிற கம்ப்யூட்டர் வில்லனும் வர்றது, இதோட பலன் உங்களுக்கு அன்லிமிடெட் கடைசி எபிசோட்லதான் கிடைக்கும், அதுவரைக்கும் பொறுமையா இருக்கணும்.

அடுத்தது எ பெட்டர் வேர்ல்ட். இந்த பதினாறுல ஒண்ணே ஒண்ணுதான் பாப்பேன்னு அடம்புடிச்சீங்கன்னா இத பாருங்க. இன்னொரு உலகம், அங்க சூப்பர்மேனோட பரம எதிரி லெக்ஸ் லூதர் அமெரிக்க ஜனாதிபதி ஆயிட்டான், அங்க இருக்குற சூப்பர்மேன் முதல் சில நிமிஷத்துலயே ஒரு கோட்ட தாண்டிடுறார், அதுக்கப்புறம் அந்த உலக ஹீரோக்கள் எல்லாம் சேந்து அமைதி அமைதினு சொல்லியே நாட்ட அடக்கி ஆள ஆரம்பிச்சுடுறாங்க. அன்லிமிடெட்ல லூதர் ஏன் ஜெயில்ல இல்லாம வெள்ளையும் சொள்ளையுமா வெளிய சுத்துறான்னு ஒரு கேள்வி வரும், அதுக்கு பதிலும் இந்த கதையோட முடிவுலதான் இருக்கு. டூம்ஸ்டேங்கிற ராட்சசனும் முதல்ல தலைய காட்டுறது இங்கதான்.

அப்புறம் வைல்ட் கார்ட்ஸ், ஜோக்கர் கதை, மார்க் ஹாமில் குரல். ஜோக்கருக்காக பாக்க போவீங்க, ஆனா ஏஸ்னு ஒரு சின்ன பொண்ணு வரும், அவள மறக்காதீங்க. கடைசியா ஸ்டார்கிராஸ்ட் மூணு பாகம், பழைய ஜஸ்டிஸ் லீக்கோட முடிவு, இத பத்தி ஒரு வார்த்தை கூட சொல்லமாட்டேன், நீங்களும் யார்கிட்டயும் கேக்காதீங்க. எண்ணிக்கோங்க, 2, 3, 2, 2, 2, 2, 3, மொத்தம் 16 சரியா போச்சு. இன்னும் நேரம் இருந்தா தி டெரர் பியாண்ட் ரெண்டு பாகமும் சேத்துக்குங்க, சாலமன் க்ரண்டி கதை, அன்லிமிடெட்ல வேக் தி டெட்னு ஒரு எபிசோட் வரும்போது அழுகைக்கு காரணம் புரியும்.

இனிமே அன்லிமிடெட். முதல் எபிசோட் இனிஷியேஷன் போட்ட உடனே தலை சுத்தும், ஏழு பேர் இருந்த இடத்துல திடீர்னு வாட்ச்டவர்ங்கிற அவங்களோட விண்வெளி தளம் முழுக்க கூட்டம், அம்பது பேருக்கு மேல, பாதி பேரோட பேரே உங்களுக்கு தெரியாது. இங்கதான் புதுசா பாக்குறவங்க எல்லாரும் ஒரே தப்ப பண்ணுவாங்க, பாஸ் பண்ணி பாஸ் பண்ணி யாரு இவங்க யாரு அவங்கனு கூகுள் பண்றது. பண்ணாதீங்க. ஒண்ணு, அந்த கூட்டத்துல நிறைய பேர் சீரிஸ் முடியிற வரைக்கும் வாயே தொறக்க மாட்டாங்க, அவங்கள தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. ரெண்டாவது, தேடுனா முதல் வரியிலயே யார் செத்தாங்க யார் யாருக்கு புள்ளைனு எழுதி வச்சிருப்பான், மொத்த சீரிஸும் நாசம்.

அதுக்கு பதிலா இப்படி பாருங்க. ஒவ்வொரு எபிசோடும் ரெண்டு மூணு பேரோட கதைதான், முதல் அஞ்சு நிமிஷத்துல யார அதிகமா பேச விடுறாங்கனு பாருங்க, இன்னைக்கு அவங்க, மத்தவங்க எல்லாம் கல்யாண வீட்டு கூட்டம் மாதிரி பின்னாடி நடமாடிட்டு இருக்கட்டும். இனிஷியேஷன்ல அது க்ரீன் ஆரோ, எந்த சக்தியும் இல்லாத அம்பு விடுற மனுஷன், எனக்கு இந்த டீமே வேணாம்னு சொல்ற ஆளு, கடைசில எதுக்காக தங்குறார்ங்கிறது ஒரு நல்ல சிரிப்பு. அவரோட கண்ணு வழியாவே இவ்ளோ பெரிய கூட்டத்த நமக்கு அறிமுகப்படுத்துனது கெட்டிக்காரத்தனம்.

இந்த முறைக்கு பயிற்சி வேணும்னா முதல் சீசன்ல தி கிரேட்டஸ்ட் ஸ்டோரி நெவர் டோல்ட்தான் சரி. நகரத்துல ஹீரோ பட்டாளமே திரண்டு ஒரு பெரிய மந்திரவாதியோட மோதிட்டு இருக்கு, ஆனா கேமரா அங்க போகவே போகாது. பூஸ்டர் கோல்டுனு ஒருத்தன், எதிர்காலத்துல இருந்து பேர் வாங்கணும்னே வந்தவன், அவன கூட்டத்த ஒழுங்குபடுத்துற வேலைல போட்டிருக்காங்க. அவன் பக்கத்துல இன்னொரு ஆபத்து உருவாகுது, அத யாரும் பாக்கல. பெரிய சண்டை ஜன்னலுக்கு அந்தப்பக்கம் வெளிச்சமும் சத்தமுமா போயிட்டே இருக்கும், நாம இவன்கூட ஓடிட்டு இருப்போம். சூப்பர்மேனுக்கு கைதட்ட ஊரே இருக்கு, இந்த மாதிரி ஆளுக்கு யாருங்க இருக்கா? இந்த எபிசோட் புடிச்சிருந்தா மீதி சீரிஸும் உங்களுக்கு புடிக்கும், புடிக்கலன்னா இங்கயே நிறுத்திக்கலாம், தப்பே இல்ல.

இப்ப முக்கியமான விஷயம், ஸ்கிப் பண்றது. முதல் சீசன் பாக்கும்போது எல்லாம் தனித்தனி கதை மாதிரி தெரியும், ஃபில்லர்னு நெனச்சு தாண்டிடுவீங்க, அப்படி தாண்டுனா ரெண்டாவது சீசன்ல மாட்டிக்குவீங்க. உதாரணத்துக்கு ஹாக் அண்ட் டவ், அண்ணன் தம்பி ரெண்டு பேர் எந்நேரமும் சண்டை போட்டுக்கிற சின்ன கதை, அதுல போர்க்கடவுள் ஏரிஸ் கொண்டுவர்ற அனைஹிலேட்டர்னு ஒரு கவசம் வரும், யார் கோவப்பட்டாலும் அதுக்கு பலம் ஏறும். எபிசோட் முடிஞ்சதும் அத எங்க கொண்டுபோய் வைக்கிறாங்கனு பாருங்க. நான் மேல சொன்னேனே கவசத்த திருடுற எபிசோட்னு, அது இரண்டாவது சீசன் டாஸ்க் ஃபோர்ஸ் எக்ஸ், திருடுனது இதத்தான். அதுக்கு அடுத்த எபிசோட் தி பேலன்ஸ்லயும் அதே கவசம் வேற ஒருத்தன் கைல சிக்கும். (ஹாக், டவ் ரெண்டு பேருக்கும் குரல் கொடுத்தவங்க ஃப்ரெட் சாவேஜும் ஜேசன் ஹெர்வியும், தி வொண்டர் இயர்ஸ் சீரியல்ல அண்ணன் தம்பியா நடிச்சவங்க, இந்த குசும்பு தெரிஞ்சவங்களுக்கு மட்டும்.)

இதே மாதிரி ஃபியர்ஃபுல் சிமெட்ரி, சூப்பர்கேர்ளுக்கு வர்ற கெட்ட கனவுதான் கதை, க்வெஸ்டியன்ங்கிற முகமே இல்லாத துப்பறியும் ஆள் முதல்ல பேசுறது இங்கதான். அல்டிமேட்டம்ல ஒரு புது ஹீரோ டீம் வரும், 70கள்ல வந்த சூப்பர் ஃப்ரண்ட்ஸ் கார்ட்டூன்ல இருந்த ஆளுங்கள கிண்டலும் பாசமுமா திருப்பி செஞ்சிருப்பாங்க, அதுல கடைசி பக்கம் அமாண்டா வாலர்னு ஒரு அம்மா வருவாங்க, அவங்களுக்கு பேட்மேன பாத்து கொஞ்சம் கூட பயம் இல்ல. டார்க் ஹார்ட்ல வாட்ச்டவர்ல இருக்குற ஒரு பெரிய ஆயுதத்த பூமிய பாத்து சுடுவாங்க, நல்லதுக்குத்தான் சுடுவாங்க, ஆனா கீழ இருந்து பாத்த கவர்மென்ட் ஆளுங்களுக்கு அது எப்படி தெரிஞ்சிருக்கும்னு மட்டும் மனசுல வச்சுக்குங்க. மூணும் மூணு திசைல ஓடுற கதை, ஆனா மூணு வாய்க்காலும் ஒரே குளத்துக்குத்தான் வருது, குளத்து பேரு கேட்மஸ், ஹீரோக்கள் எதிரா திரும்பிட்டா சமாளிக்க கவர்மென்ட் ரகசியமா நடத்துற திட்டம்.

அப்ப எதத்தான் தாண்டலாம்னு கேட்டா, முதல் சீசன்ல எதையும் தாண்டாதீங்க, 13தானே. ஆனா கிட் ஸ்டஃப், திஸ் லிட்டில் பிக்கி ரெண்டும் கதைக்கு அவசியம் இல்ல, ஜாலிக்கு பாக்குறது. முதல்ல ஹீரோக்கள் நாலு பேர் குழந்தையா மாறிடுவாங்க, ரெண்டாவதுல வொண்டர் வுமன ஒரு மந்திரக்காரி பன்னிக்குட்டியா மாத்திடுவா, அவள திரும்ப கொண்டுவர பேட்மேன் ஒரு விலை குடுக்கணும், என்ன விலைனு சொல்லமாட்டேன், ஆனா அத பேட்மேனுக்கு குரல் கொடுத்த கெவின் கான்ராய் தானே செஞ்சார். சின்ன பசங்களோட சேந்து பாக்குறீங்கன்னா இந்த ரெண்டுல ஆரம்பிங்க, ஏன்னா மத்த பல எபிசோட்ல சாவு, சதி, அரசியல்னு கொஞ்சம் கனமா போகும்.

இரண்டாவது சீசன் வந்துட்டா அப்புறம் வரிசைய மாத்தவே கூடாது. கிளாஷ்னு ஒரு எபிசோட், கேப்டன் மார்வல் வருவார், இப்ப ஷசாம்னு சொல்றோமே அவர்தான், உள்ள சின்ன பையன். அவன் சூப்பர்மேன தெய்வமா நெனச்சிட்டு டீமுக்கு வர்றான், அங்க தெய்வம் ஒரு தேர்தல் பிரச்சாரத்துல பேர் கெட்டு, சந்தேகத்துலயும் எரிச்சல்லயும் இருக்கு. லூதர் நல்லவனாயிட்டேன்னு சொல்றான், அத ஊர்ல எல்லாரும் நம்புறாங்க, சூப்பர்மேன் மட்டும் நம்பல. நியாயம் யார் பக்கம்னு பாத்துட்டே இருக்கும்போது உங்களுக்கும் மாறிட்டே இருக்கும். கடைசில அந்த பையன் பேசுறத கேட்டதும், ஹீரோ கதைல இவ்ளோ நேரா ஹீரோவையே யாரும் கேள்வி கேட்டதில்லயேனு எனக்கு தோணிச்சு.

க்வெஸ்டியன் அத்தாரிட்டி, ஃப்ளாஷ்பாயின்ட், பேனிக் இன் தி ஸ்கை, டிவைடட் வீ ஃபால், இந்த நாலையும் ஒரே மூச்சுல பாருங்க. சேத்தா ஒண்ணரை மணி நேரம், ஒரு சினிமா அளவுதான். நடுவுல நிறுத்துனா அந்த இறுக்கம் போயிரும். எ பெட்டர் வேர்ல்ட பாக்காம வந்தவங்களுக்கு முதல் எபிசோட்லயே க்வெஸ்டியன் எத கண்டுபிடிச்சு அப்படி வெலவெலத்து போறார்னு புரியாது, அதான் முன்னாடியே அவ்ளோ வற்புறுத்துனேன். ஃப்ளாஷ காமெடி பீஸுனு நெனச்சிட்டு இருந்தீங்கன்னா நாலாவதுல அந்த நெனப்பு மாறும்.

நாலும் முடிஞ்சதும் அடுத்தது எபிலாக், அத அன்னைக்கே பாக்காதீங்க, மறுநாள் பாருங்க. இது பேட்மேன் பியாண்டோட கதை, பல வருஷம் கழிச்சு, கிழவன் ப்ரூஸ் வெய்னும் புது பேட்மேன் டெர்ரி மெக்கின்னிஸும். பேட்மேன் பியாண்ட் முழுசா பாக்கலன்னா குறைஞ்சது அதோட முதல் கதை ரீபர்த் ரெண்டு பாகத்தையாவது அன்னைக்கு ராத்திரி பாத்துட்டு படுங்க. 1993ல வந்த மாஸ்க் ஆஃப் தி ஃபேன்டாஸம் படமும் பாத்திருந்தா ஒரு இடத்துல நிமிர்ந்து உக்காருவீங்க. சிலபேர் இந்த எபிசோட எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியா பாக்கணும்பாங்க, காலவரிசைப்படி அது எதிர்காலம்தானேனு, கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒப்பல. இத செஞ்சவங்க இதோட சீரிஸ் முடிஞ்சிருச்சுங்கிற நெனப்புலதான் செஞ்சாங்க, மூணாவது சீசன் பிறகுதான் வந்துச்சு, அந்த விடைபெறுற மனசு எபிசோட் முழுக்க இருக்கு, கேட்மஸ் கதை சூடு ஆறுறதுக்குள்ள பாத்தாதான் அது ஏறும். இதுல ஒரு ஊஞ்சல் சீன் வரும். வைல்ட் கார்ட்ஸ்ல அந்த பொண்ண மறக்காதீங்கனு சொன்னேன்ல.

இங்க ஒரு சந்தேகம் வரும், அன்லிமிடெட்ல ஜோக்கர், பெங்குவின்லாம் ஏன் காணோம்னு. 2004ல தனியா இன்னொரு பேட்மேன் கார்ட்டூன் ஆரம்பிச்சாங்க, 2005ல புது பேட்மேன் படமும் வந்துச்சு, அதனால பேட்மேன் பக்கத்து ஆளுங்கள இங்க எடுக்க விடல, ரசிகர்கள் அத பேட் எம்பார்கோனு சொல்வாங்க. எனக்கு கேட்டா அது நல்லதுக்குத்தான் ஆச்சு, ஜோக்கர் இருந்திருந்தா க்வெஸ்டியனுக்கும் ஹன்ட்ரஸ்ங்கிற ஹீரோயினுக்கும் யார் நேரம் ஒதுக்கியிருப்பா?

மூணாவது சீசன்ல எதிர்பார்ப்ப கொஞ்சம் இறக்கி வச்சுக்குங்க. வில்லனுங்க எல்லாம் சேந்து ஒரு பெரிய சங்கம் வைக்கிறாங்க, ஐயாம் லீஜியன்ல ஆரம்பிக்கும், ஆனா கேட்மஸ் மாதிரி நெஞ்ச புடிக்காது. கேயாஸ் அட் தி எர்த்ஸ் கோர் தாண்டுனா நஷ்டம் இல்ல. டு அனதர் ஷோர் மட்டும் மார்ஷியன் மேன்ஹன்டருக்காக பாருங்க, அவர் எடுக்குற ஒரு முடிவு கடைசி எபிசோட்ல திரும்பி வரும். பேட்ரியாட் ஆக்ட்ல பெரிய தலைங்க யாருமே இல்ல, இருக்குற சின்ன ஆளுங்கள வச்சே ஒரு ராட்சசன சமாளிக்கணும், பூஸ்டர் கோல்டு கதை புடிச்சவங்களுக்கு இது விருந்து. தி கிரேட் பிரெய்ன் ராபரில ஃப்ளாஷும் லூதரும் உடம்பு மாறிடுவாங்க, இதோட சுவை முழுசா கிடைக்கணும்னா ஒண்ணு தெரிஞ்சிருக்கணும், ஃப்ளாஷுக்கு குரல் கொடுக்குற மைக்கேல் ரோசன்பாம் அதே சமயத்துல ஸ்மால்வில் சீரியல்ல லூதரா நடிச்சிட்டு இருந்தவர். அதனால ஃப்ளாஷ் உடம்புல இருந்து லூதர் பேசும்போது அது ஏற்கனவே பழக்கப்பட்ட லூதர்தான்.

ஆனா மூணாவது சீசன்ல நான் திரும்பத் திரும்ப போடுறது ஃப்ளாஷ் அண்ட் சப்ஸ்டன்ஸ். சென்ட்ரல் சிட்டில ஃப்ளாஷுக்கு மியூசியம் திறக்குறாங்க, அவரோட எதிரிங்க கூடி அவர தீத்துக்கட்ட திட்டம் போடுறாங்க, கூட பேட்மேனும் ஓரியனும் வந்திருக்காங்க. இவங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஆள பேச வைக்கணும்னா மிரட்டத்தான் தெரியும். ஃப்ளாஷ் போய் அந்த எதிரிங்கள்ல ஒருத்தனான ட்ரிக்ஸ்டர் பக்கத்துல உக்காந்து, மருந்து சாப்புடுறத நிறுத்திட்டியானு விசாரிக்கிறார், அவ்ளோதான். ட்ரிக்ஸ்டர் குரலும் மார்க் ஹாமில்தான். ரெண்டு நிமிஷ சீன், அந்த ஊர் ஏன் அவர அவ்ளோ நேசிக்குதுனு அதுக்கு மேல விளக்கமே வேணாம்.

பாக்குறது இங்கிலீஷ் குரல்லயே பாருங்க, தேவைன்னா சப்டைட்டில் போட்டுக்குங்க. கெவின் கான்ராய் ப்ரூஸா பேசும்போது ஒரு குரல், பேட்மேனா பேசும்போது ஒரு குரல், அது டப்பிங்ல வராது. 2022ல அவர் போயிட்டார், இப்ப கேக்கும்போது இன்னும் ஒரு மாதிரி இருக்கு. வாலருக்கு சிசிஎச் பவுண்டர், லூதருக்கு க்ளான்சி ப்ரவுன், க்வெஸ்டியனுக்கு ஜெஃப்ரி கோம்ப்ஸ், எல்லாரையும் சேத்து வேலை வாங்குனது வாய்ஸ் டைரக்டர் ஆண்ட்ரியா ரோமானோ. ஃபயர்ஃப்ளை சீரியல் ரசிகரா இருந்தா இன்னொரு விளையாட்டு, அதுல நடிச்சவங்க நாலு பேர் இங்க குரல் கொடுத்திருக்காங்க, கண்ணு மூடி கண்டுபிடிங்க.

டைட்டில்ல எழுத்தாளர் பேரு வரும்போதும் ஒரு கண்ணு வைங்க. ட்வெய்ன் மக்டஃபி பேர் இருந்தா போனை கவுத்து வச்சிட்டு பாருங்க, ஆளுங்க பேசிக்கிற விதமே வேற தரத்துல இருக்கும். டார்க் ஹார்ட் வாரன் எல்லிஸ் எழுதுனது, டபுள் டேட் கெயில் சிமோன், ரெண்டு பேருமே காமிக்ஸ் எழுத்தாளருங்க. ஃபார் தி மேன் ஹூ ஹாஸ் எவ்ரிதிங் 1985ல ஆலன் மூர் எழுதுன காமிக்ஸ் கதைய அப்படியே சுருக்கி எடுத்தது, சூப்பர்மேனுக்கு அவர் ஆசைப்பட்ட வாழ்க்கைய குடுத்துட்டு அத அவர் கையாலயே பிடுங்க வைக்கிற கதை, அத பாத்த அன்னைக்கு வேற எபிசோட் போடாதீங்க.

கடைசியா அலைவ், டெஸ்ட்ராயர் ரெண்டும் அடுத்தடுத்து. டெஸ்ட்ராயர்ல சூப்பர்மேன் ஒரு இடத்துல தான் இத்தனை வருஷமா எப்படி அடக்கி வாசிச்சிருக்கேன்னு பேசுவார், லெகசில ஆரம்பிச்ச பயம் அங்க வந்து முட்டும், சவுண்ட கொஞ்சம் ஏத்தி வச்சுக்குங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் ஹீரோக்கள் மொத்த பேரும் படிக்கட்டுல கூட்டம் கூட்டமா ஓடி வர்ற சீன் ஒண்ணு இருக்கு, அங்க ஸ்பேஸ்பார்ல விரல வச்சு ஒவ்வொரு கூட்டமா நிறுத்தி நிறுத்தி பாருங்க, எத்தனை பேர பேர் சொல்ல முடியுதுனு எண்ணுங்க. இன்னும் தெரியாத முகம் இருந்தா, இப்ப தாராளமா கூகுள் பண்ணிக்கலாம்.